நீலப் புள்ளி இடம் மாறி நின்றால்: போன் லொகேஷன் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

லொகேஷன் சரியாகக் காட்டவில்லை என்றதும் பலரும் செட்டிங்ஸுக்குள் நுழைந்து கண்ணில் பட்டதையெல்லாம் அணைத்து அணைத்துப் போடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். மேப்பைத் திறந்து, நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். ‘நீங்கள் இதற்குள் எங்கேயோ இருக்கிறீர்கள்’ என்று போன் போட்டிருக்கும் கணக்கு அது. ஆண்ட்ராய்டில் அந்தக் கணக்குக்கு 68 சதவீத உறுதிதான் உண்டு. மூன்று தடவையில் ஒரு தடவை நீங்கள் வட்டத்துக்கு வெளியேகூட நிற்கலாம்.

வட்டம் பெரிதாக இருந்தால் போனுக்கே சந்தேகம் இருக்கிறது, தகவல் போதவில்லை என்று பொருள். வட்டம் சின்னது, ஆனால் இடம் தப்பு என்றால் போனுக்குச் சந்தேகமே இல்லை, யாரோ தப்பான தகவல் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு நோய். மருந்தும் வேறு.

போனுக்குத் தகவல் கொடுப்பவர் யார்?

நாம் பொதுவாக ‘ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் போன் நான்கு பேரிடம் விசாரித்துத்தான் இடத்தை முடிவு செய்கிறது: செயற்கைக்கோள், அக்கம்பக்கத்து வைஃபை, செல் டவர், போனுக்குள்ளேயே இருக்கும் சென்சார்கள்.

செயற்கைக்கோள்தான் இவற்றில் நம்பகமானது. அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் இஸ்ரோவின் நாவிக் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. இப்போதைய போன்கள் இவற்றில் பலவற்றைச் சேர்த்தே கேட்கும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்துசேர ஆன நேரத்தை வைத்துப் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் ஓடிவிடும். அதனால் கடிகாரம் துளி பிசகினாலும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது, போனில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். மூன்று செயற்கைக்கோள் போதாமல் நான்காவதும் தேவைப்படுவது இதனால்தான். போன் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க அந்த நான்காவது.

இரண்டு விஷயத்தை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும்தான் செய்கிறது. அப்படிக் கேட்க இன்டர்நெட்டும் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம். ஆனால் தரையை வந்தடையும்போது அந்தச் சிக்னல் மிக மிக மெலிந்திருக்கும். கான்கிரீட் தளம், தகரக் கூரை, சுரங்கம் எதையும் அதனால் துளைத்து வர முடியாது.

வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் புள்ளி ஓரளவு சரியாக நிற்கிறதே என்றால், அது வைஃபையின் உபயம். சுற்றியுள்ள ரௌட்டர்களின் அடையாள எண்ணைப் போன் படித்து, ‘இந்த ரௌட்டர்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன’ என்று ஒரு பெரிய பட்டியலில் தேடிப் பார்க்கிறது. நீங்கள் அந்த வைஃபையில் இணைந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. செல் டவர் நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் சில கிலோமீட்டர் என்று தோராயமாகத்தான் சொல்லும். சென்சார்கள் திசையையும் அசைவையும் சொல்லும்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

“ஊரே வட்டத்துக்குள் இருக்கிறது”

ஒரே ஒரு ஆப்பில் மட்டும் இப்படியா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் கிட்டத்தட்ட எப்போதுமே அனுமதிப் பிரச்சினைதான். ஆண்ட்ராய்டு 12 முதல் ஆப்புகள் லொகேஷன் கேட்கும்போது ‘பிரிசைஸ்’, ‘அப்ராக்ஸிமேட்’ என்று இரண்டு படங்கள் வரும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டிருப்போம். அது சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பைத்தான் ஆப்புக்குச் சொல்லும். அந்த ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, பெர்மிஷன்ஸ், லொகேஷன் என்று போய் ‘யூஸ் பிரிசைஸ் லொகேஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் இதே வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி, லொகேஷன் சர்வீசஸ், பிறகு அந்த ஆப், அதற்குள் ‘பிரிசைஸ் லொகேஷன்’. வானிலை ஆப்புக்குத் தோராயமே போதும், அதை அப்படியே விடுங்கள். டாக்ஸிக்கும் மேப்புக்கும் துல்லியம் வேண்டும்.

எல்லா ஆப்பிலும் வட்டம் பெரிது என்றால் போன் டவரை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் லொகேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால் லொகேஷன் சர்வீசஸ் என்று இருக்கும். அதற்குள் ‘கூகுள் லொகேஷன் அக்யூரசி’ அணைந்திருக்கிறதா பாருங்கள், ஆன் செய்யுங்கள். வைஃபை ஸ்கேனிங்கும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் மாடிக்கோ வாசலுக்கோ வந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். வட்டம் கண்ணெதிரே சுருங்கும்.

“தேடிக்கொண்டே இருக்கிறது, இடம் வரவே இல்லை”

நீண்ட நாள் அணைத்து வைத்திருந்த போன், விமானத்தில் தூர ஊர் போய் இறங்கிய போன், டேட்டா இல்லாத போன் ஆகியவற்றில் இது வரும். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை வினாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில் சொல்கிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரம் 30 வினாடிக்கு ஒருமுறை திரும்ப வரும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுதாக வந்துசேர பன்னிரண்டரை நிமிடம். இன்டர்நெட் இருந்தால் போன் இந்த விவரத்தையெல்லாம் ஒரு நொடியில் சர்வரிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நாம் பழகிப்போன வேகம் அந்த உதவியால் வருவது.

ஆகவே வைத்தியம் எளிது. மொபைல் டேட்டாவை ஆன் செய்யுங்கள். தேதி, நேரம் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா பாருங்கள். டேட்டாவே கிடைக்காத இடம் என்றால் வானம் திறந்திருக்கும் இடத்தில் போனைத் தரையிலோ சுவரிலோ வைத்துவிட்டு அசையாமல் காத்திருங்கள். நடந்துகொண்டே தேடினால் மரமும் கட்டடமும் சிக்னலை இடையிடையே அறுக்கும்; அறுபட்ட துண்டுக்காகப் போன் அடுத்த 30 வினாடிச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டிவரும். பொறுமையாக ஐந்து நிமிடம் கொடுங்கள்.

“நான் ஒரு தெருவில், புள்ளி பக்கத்துத் தெருவில்”

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. சுற்றி வந்ததால் கூடுதல் நேரம், கூடுதல் நேரத்தால் கூடுதல் தூரம். புள்ளி எதிர்ச்சாரிக்கோ பின் தெருவுக்கோ தாவுகிறது. தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி குறுகிய, இருபுறமும் அடுக்குக் கட்டடம் உள்ள தெருவில் நின்று பார்த்தால் புள்ளி குதிப்பதைக் காணலாம். இதில் போன் மேல் தப்பில்லை. எந்த செட்டிங்ஸும் இதை முழுதாகச் சரிசெய்யாது. தெருமுனைக்கு வந்து பாருங்கள், இல்லையென்றால் டாக்ஸி ஆப்பில் இடத்தைக் குறிக்கும் பின்னைக் கையால் நகர்த்தி உங்கள் வாசலில் வையுங்கள். அந்தச் சிறிய வேலையை நாம் செய்யாமல் விட்டால், வெயிலில் வண்டி ஓட்டி வருகிறவர் இரண்டு சுற்று சுற்றுகிறார்.

புதுப் போன் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் ‘டூயல் ஃப்ரீக்வன்சி ஜிபிஎஸ்’ அல்லது ‘எல்1, எல்5’ என்று விவரப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பழைய எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், புதிய எல்5 1176.45 மெகாஹெர்ட்ஸ். நேரே வந்த சிக்னல் எது, சுவரில் பட்டு வந்தது எது என்று பிரித்தறிய எல்5 நன்றாகக் கைகொடுக்கிறது. நகரத்தில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது கேமராவைவிட முக்கியமான விஷயம் என்பது என் கருத்து.

மேம்பாலம் தனிக் கதை. கிண்டி கத்திப்பாராவில் மேலே போகிறீர்களா, கீழே போகிறீர்களா என்று மேப்புக்குக் குழப்பம் வரும். உயரக் கணக்கில் பிழை எப்போதுமே அதிகம். அதோடு மேப் ஆப் புள்ளியை அருகில் இருக்கும் ஏதோ ஒரு சாலையின் மேல் ஒட்டிவிடும். அந்த இடத்தில் குரல் வழிகாட்டியை விட்டுவிட்டு, தலைக்கு மேல் இருக்கும் பச்சைப் பலகையைப் பார்த்துத் திரும்புங்கள்.

“இப்போது இருக்கும் ஊரே இல்லை, வேறெங்கோ காட்டுகிறது”

வட்டம் சின்னது, இடம் மட்டும் அடியோடு தப்பு. இது என் வீட்டில் நடந்தது. வீடு மாறி மூன்று வாரம் ஆகியிருந்தது. நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். அவசரமாக டாக்ஸி கூப்பிட்டேன். படுக்கையறையில் நின்றபடியே ‘தற்போதைய இடம்’ என்று அழுத்தினேன். ஓட்டுநர் போன் செய்து, “சார், வாசலில்தான் நிற்கிறேன்” என்றார். அவர் நின்றது நான்கு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் பழைய வீட்டு வாசலில். அவர் திரும்பி எங்களிடம் வந்து சேர்வதற்குள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் அதன்பின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். ரௌட்டரைப் பழைய வீட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தோம். புது வீட்டைச் சுற்றி அப்போது வேறு வைஃபை அதிகம் இல்லை. பட்டியலில் எங்கள் ரௌட்டரின் விலாசம் இன்னும் பழைய தெருதான். அறைக்குள் செயற்கைக்கோள் எட்டவில்லை, ஆகவே போன் அந்த ஒரு சாட்சியை முழுதாக நம்பிவிட்டது. அந்த ரௌட்டர் அருகே பல போன்கள் செயற்கைக்கோள் பிடித்து நிற்கும்போதுதான் பட்டியல் மெல்ல மாறுகிறது. அதுவரை வீட்டுக்குள்ளிருந்து வண்டி கூப்பிடும்போது லொகேஷன் சர்வீசஸில் வைஃபை ஸ்கேனிங்கை அணைத்து, வைஃபையையும் அணைத்து, ஜன்னல் அருகே அல்லது வாசலில் நின்று புள்ளி சரியான பிறகு அழுத்துங்கள். அதைவிட நல்லது, வீடு மாறிய அன்றே புது முகவரியை டாக்ஸி ஆப்பில் ‘ஹோம்’ என்று கையால் பதிந்துவிடுவது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வைஃபை இணைப்பு உள்ள பேருந்திலும் இதே கோளாறு வரலாம், ரௌட்டரே ஊர் ஊராகப் போகிறதே. வேறு இரண்டு காரணங்களும் உண்டு. எப்போதாவது போலி லொகேஷன் ஆப் போட்டுப் பார்த்திருந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘மாக் லொகேஷன் ஆப்’ என்பதில் அது இன்னும் உட்கார்ந்திருக்கும், நீக்குங்கள். கணினியில் மட்டும் வேறு ஊர் காட்டினால் அது இன்டர்நெட் இணைப்பின் ஐபி எண்ணை வைத்துப் போட்ட ஊகம். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டிருந்தால் வேறு நாடே காட்டும். போனில் ஜிபிஎஸ் அணைப்பதாலோ போடுவதாலோ இது மாறாது.

“இடம் சரி, அம்பு எதிர்த்திசையில் திரும்பி நிற்கிறது”

செயற்கைக்கோளுக்கு நீங்கள் எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியாது. நின்ற இடத்தில் திசை சொல்வது போனுக்குள் இருக்கும் காந்தமானி. காந்தப் பூட்டு வைத்த மடிப்புக் கவர், காரில் காந்த ஹோல்டர், பைக்கின் இரும்பு, ஸ்பீக்கர் எல்லாம் அதைக் குழப்பும். கவரைக் கழற்றிவிட்டு போனைக் காற்றில் எட்டு எழுதுவது போல இரண்டு மூன்று தடவை சுழற்றுங்கள். அதுவும் சரிவராவிட்டால் பத்தடி நேராக நடங்கள். நகரத் தொடங்கியதும் போன் உங்கள் அசைவை வைத்தே திசையைக் கண்டுகொள்ளும், காந்தமானியை எதிர்பார்க்காது. பைக்கில் கிளம்பும்போது முதல் திருப்பம் தப்பாக வருவது இதனால்தான்.

“ஸ்க்ரீன் அணைந்ததும் நின்றுவிடுகிறது”

நடைப்பயிற்சி ஆப்பில் வளைந்து வளைந்து நடந்த பாதை ஒரே நேர்கோடாக வருகிறது, அல்லது இரவில் வீடு திரும்பும் மகள் அனுப்பிய லைவ் லொகேஷன் ஒரே இடத்தில் உறைந்து நிற்கிறது. இரண்டாவது விஷயம் வீட்டில் எல்லோரையும் எவ்வளவு பதற வைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இது பெரும்பாலும் பேட்டரியைக் காப்பாற்றும் ஏற்பாட்டின் விளைவு. பேட்டரி சேவர் போட்டால் பல போன்களில் ஸ்க்ரீன் அணைந்ததும் லொகேஷனும் ஓய்ந்துவிடும். முதலில் அதை அணையுங்கள். அடுத்து, ஆப் இன்ஃபோவில் பேட்டரி என்பதற்குள் போய் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று வையுங்கள். சில போன்களில் தயாரிப்பாளரே தனியாக ஒரு பேட்டரி மேலாண்மை வைத்திருப்பார், அங்கும் இந்த ஆப்பை விலக்க வேண்டும். லொகேஷன் அனுமதி ‘ஆப் பயன்பாட்டில் இருக்கும்போது மட்டும்’ என்றிருந்தால், அந்த ஆப்புக்குத் தேவை இருக்கிறது என்று நீங்கள் நம்பினால் மட்டும் ‘எப்போதும்’ என்று மாற்றுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனுக்கு 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று கால அளவு உண்டு. உறைந்து நிற்பதாக நாம் நினைப்பது சில நேரம் 15 நிமிடக் கெடு முடிந்துபோனதுதான். பயணத்துக்கு நீண்டதையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அனுப்புகிறவரிடம் டேட்டா இல்லாவிட்டாலும் நகராது: போனுக்குத் தன் இடம் தெரியும், நம்மிடம் சொல்ல வழியிருக்காது.

“காருக்குள் மட்டும் வருவதில்லை”

கண்ணாடியில் உலோகக் கலப்புள்ள ஃபிலிம் இருந்தால் சிக்னல் தடைபடும். மலிவான சார்ஜரும் டேஷ்கேமும் ரேடியோ இரைச்சல் எழுப்பி மெலிந்த சிக்னலை அமுக்கிவிடுவதுண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். போனை இருக்கைகளுக்கு நடுவே போடாமல் முன் கண்ணாடிக்கு அருகே வையுங்கள். சுரங்கப்பாதை, மெட்ரோவின் நிலத்தடி நிலையம் இவற்றில் யாருக்கும் செயற்கைக்கோள் கிடைக்காது; வெளியே வந்து சில வினாடியில் வந்துவிடும்.

“மலையேறியதும் மேப் வெறும் சாம்பலாகிவிட்டது”

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. பாதி வழியில் டவர் போனால் மேப்பில் சாலைகள் மறைந்து வெறும் கட்டங்கள் தெரியும். பலர் ‘ஜிபிஎஸ் போய்விட்டது’ என்று போனைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். நன்றாகப் பாருங்கள், நீலப் புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருக்கும். போனது படம். கிளம்புவதற்கு முந்தின இரவே மேப் ஆப்பில் ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ என்பதற்குள் போய் அந்தப் பகுதியை இறக்கிக்கொள்ளுங்கள். போனை ரீஸ்டார்ட் செய்யத் தோன்றினால் அங்கே வேண்டாம். கையில் இருக்கும் பாதை விவரமும் போய், முதலிலிருந்து தேட நேரலாம்.

எதற்கும் அசையவில்லை என்றால்

ஆண்ட்ராய்டில் ‘ஜிபிஎஸ் டெஸ்ட்’ போன்ற ஒரு இலவச ஆப்பைப் போட்டு மொட்டை மாடியில் நில்லுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் அதன் சிக்னல் பலத்தைச் சொல்லும் எண்ணோடு வரிசையாக வரும். சிக்னல் பலம் 35க்கு மேல் பல இருந்தால் ஆண்டெனா நன்றாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில். எல்லாமே 20க்குக் கீழே, அல்லது பத்து நிமிடம் ஆகியும் ஒன்றுகூட வரவில்லை என்றால் ஆண்டெனாதான். அந்தப் பட்டியலில் நாடுவாரியாகக் கொடிகளும் வரும். நம் கொடி தெரிந்தால் அது நாவிக். எல்லாப் போனிலும் வராது, ஆனால் முதல் தடவை என் போனில் அதைப் பார்த்தபோது மாடியிலேயே நின்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐபோனில் செயற்கைக்கோள் பட்டியலைப் பார்க்க வழியில்லை. திறந்த வெளியில் நின்று வட்டம் சுருங்குகிறதா என்பதே அங்கே சோதனை.

சமீபத்தில் ஸ்க்ரீனோ பின் பக்கமோ மாற்றினீர்களா? அதன்பிறகு இப்படி ஆனதா? பல போன்களில் ஆண்டெனா ஓரச் சட்டத்தில்தான் இருக்கிறது, சிறிய ஸ்பிரிங் தொடுமுனைகளால் போர்டோடு சேர்கிறது. மூடும்போது அது சரியாகப் படியாமல் போனால் ஜிபிஎஸ் மட்டும் செத்துவிடும், மற்றதெல்லாம் வேலை செய்யும். கடைக்குப் போய் “ஜிபிஎஸ் வரவில்லை” என்று மட்டும் சொன்னால் ரீசெட் செய்து தருவார்கள். “திறந்ததற்குப் பிறகு சிக்னல் விழுந்துவிட்டது, ஆண்டெனா கான்டாக்டைப் பாருங்கள்” என்று சொல்லி அந்த எண்களைக் காட்டுங்கள்.

மென்பொருள் கோளாறு என்றால் இந்த வரிசையில் போங்கள்: ரீஸ்டார்ட், மேப் ஆப்பின் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) துடைப்பது, சிஸ்டம் அப்டேட். ஐபோனில் ரீசெட் பக்கத்தில் ‘ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி’ இருக்கிறது. அனுமதிகளை மட்டும் புதிதாகக் கேட்கும், படமோ செய்தியோ போகாது. ஃபேக்டரி ரீசெட்டை யாராவது முதலிலேயே சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டெனா கோளாறுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, உங்கள் போட்டோக்கள்தான் போகும்.

போன் சரியாகும் வரைக்கும், அல்லது நெட்டே இல்லாத இடத்தில் யாரிடமாவது இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தால், மேப்பில் உங்கள் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். 13.08, 80.27 என்பது போல இரண்டு எண்கள் வரும், அட்சரேகையும் தீர்க்கரேகையும். ஐபோனில் காம்பஸ் ஆப்பிலேயே இவை இருக்கும், ஆனால் தசமமாக இல்லாமல் டிகிரி, நிமிடம், வினாடி என்று வரும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் என்றால் ஒரு கிலோமீட்டர் வரை தவறலாம், நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர் சொச்சம். ஐந்தையும் விடாமல் எழுதி சாதாரண எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். வாங்குகிறவர் அதை அப்படியே மேப்பின் தேடல் பெட்டியில் ஒட்டினால் போதும்.